லஸ்கர் வீட்டு வாசல்

என்னை இந்த ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து லஸ்கரம்மாதான். ஆற்றுத் தண்ணீரைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆளுக்கு எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்று பெயர். என் வீட்டுக்காரர் அந்த வேலை பார்த்தார். குடவாசலுக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து கிளை வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு பாலம். பாலத்தடியில் ஷட்டர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் கல்யாண வீட்டுக்குப் போனால் படித்த பெண்கள் எழுந்து எனக்கு முன் வரிசையில் இடம் விடுவார்கள். எனக்கா விட்டார்கள், தண்ணீருக்கு விட்டார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் போய் உட்கார்ந்தேன்.

கைப்பிடியைச் செருகி ஷட்டரைத் திருகுவதுதான் லஸ்கர் வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். திருகுவது சின்ன வேலை. பேச்சு வாங்குவதுதான் பெரிய வேலை. மேலே வயல் வைத்திருக்கிறவர் ஏன் மூடினாய் என்பார். கீழ்வேளூர் பக்கம், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடையில் வயல் வைத்திருக்கிறவர் ஏன் திறக்கவில்லை என்பார். அதிகாரி இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டு வந்து இவரைத்தான் கேட்பார். மூன்று பக்கமும் வாங்கிக்கொண்டு ஒரு பக்கமும் திருப்பிப் பேசக் கூடாது. இவர் பேசினதில்லை. "மேல உத்தரவு வரலீங்க" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டினார்.

அந்த வேலையில் பாதியை நான் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசல் என் பொறுப்பு. ஆனியில் மேட்டூர் அணைத் தண்ணீர் வந்தால் போதும், காலையிலிருந்து வண்டிச் சத்தம்தான். முழங்கால் வரை சேறு அப்பிக்கொண்டு நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். அவர் உள்ளே சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். நான் நிலையை அடைத்துக்கொண்டு நிற்பேன்.

"லஸ்கர் இல்லீங்க. ஷட்டருக்குப் போயிருக்காரு."

"ஷட்டர்லேர்ந்துதாம்மா நாங்க வர்றோம்."

"அப்ப கீழ் ஷட்டருக்குப் போயிருப்பாரு."

"கீழ் ஷட்டர்லதான் காலையிலேர்ந்து எங்க ஆளு குந்தியிருக்கான். உங்க வீட்டுல மொத்தம் எத்தனை லஸ்கரும்மா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். உள்ளே வந்து பார்த்தால், பிசைந்த கை பிசைந்தபடி நிற்கும். வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தம் மாறியிருக்கும். இவர் காது அங்கே போயிருக்கும். குழம்பில் உப்புப் போட மறந்த நாளில்கூட மறுவார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர். பொறுமையான மனுஷன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். நாக்கில் ருசி போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தோன்றியதில்லை.

அவருடைய அம்மா செத்த அன்றைக்கும் ஆற்றில் வெள்ளம். கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு பாலத்துக்குப் போனார். ஊரே அதை மெச்சியது. நானும்தான்.

ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். ஷட்டர் கைப்பிடியைத் துணியால் துடைத்துப் புது லஸ்கர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். இனிமேலாவது தூங்குவார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பாலத்துக்குப் போய்விடுவார். பழக்கம், போகப் போகச் சரியாகும் என்றார்கள்.

சரியாக விடவில்லை ஊர். புது லஸ்கருக்கு நாலு பாலம் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர் போனை எடுப்பதில்லை. அதனால் தண்ணீர்ப் பிராது எல்லாம் பழையபடி எங்கள் வாசலுக்கே வந்தது. "ஐயா ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க" என்று வந்து நிற்பார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். வேலை போனாலும் மரியாதை போகவில்லை என்று இருந்தது. அந்த மரியாதைதான் அவரை எழுப்பி நடமாட வைக்கும் மருந்து என்றுகூட நினைத்தேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒரு மனுஷன் காலையில் எழுந்து, குளித்து, சட்டை போட்டு வேலை இருக்கிற இடத்துக்குப் போனால் அவனுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். படுத்துவிட்டால்தான் கஷாயம் வைப்போம்.

ஒருநாள் மத்தியானம் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இவர் வாசல் பக்கம் பார்த்து, "இப்ப திறக்க முடியாதுங்க. மேல உத்தரவு வரலீங்க" என்றார். யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். முருங்கை மரம் நின்றது. வேறு யாரும் இல்லை.

"யாருகிட்டங்க பேசுறீங்க?"

"கடைமடைக்காரங்க வந்து நிக்கிறாங்க, தெரியல? வெயில்ல வந்திருக்காங்க. ஒரு சொம்பு தண்ணி குடு."

நான் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், அவர் சொல்லி நான் செய்யாமல் இருந்ததில்லை. வெறும் வாசலில் கொஞ்ச நேரம் சொம்போடு நின்றேன். பிறகு தண்ணீரை முருங்கை வேரில் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன். "குடிச்சாங்களா?" என்றார். "குடிச்சாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார்கள், அந்த ஆட்கள். திருச்சியில் டீச்சராக இருக்கிற என் மகள் போனில் அவர் பேச்சைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, அப்பாவை மனநல டாக்டர்ட்ட காட்டணும்மா."

"போடி. அரசாங்கத்துல பென்ஷன் வாங்குற மனுஷனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?"

"பென்ஷன் வாங்குறவங்களுக்கு ஜுரம் வராதாம்மா?"

"ஜுரம்னா ஊருக்குச் சொல்லலாம்" என்று போனை வைத்துவிட்டேன். லஸ்கரம்மாவுக்கு ஊரில் ஒரு இடம் இருந்தது. அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

தை மாசம் அறுவடை. வயலில் தண்ணீரை வடித்துக் காய வைத்திருப்பார்கள். காய்ந்தால்தான் அறுவடை மிஷின் இறங்கும். அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். பாலத்து டீக்கடைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். முகமே சரியில்லை.

"லஸ்கரம்மா, கொஞ்சம் பாலத்துக்கு வாங்க. ஐயா கிளை வாய்க்கால் ஷட்டரைத் தூக்கிட்டாரு. பாய் வயல்ல தண்ணி பூந்துடுச்சு."

"கைப்பிடி அவருகிட்ட ஏது?"

டீக்கடைக்காரர் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். புது லஸ்கர் கைப்பிடியைச் சுமந்துகொண்டு அலையாமல் டீக்கடையிலேயே வைத்துவிட்டுப் போவது வழக்கம். "நாந்தாம்மா குடுத்தேன். வந்து கையை நீட்டினாரு. குடுத்துட்டேன். இத்தனை வருஷமா நீட்டுன கைம்மா அது. குடுத்த அப்புறந்தான் இவரு ரிட்டயர் ஆயிட்டாரேன்னு நெனப்பே வந்துச்சு."

புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன்.

பாய் என்றால் குடவாசலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களை இங்கே சபராளி என்போம், அவரும் சபராளிதான். சவுதியில் உழைத்த காசில் வாய்க்கால் ஓரம் வயல் வாங்கியிருந்தார். அவர் வயல்தான் முதல் வயல். தையில் வாய்க்கால் முழுக்கப் பாசியும் கோரையும் அடைத்துக் கிடக்கும். தண்ணீர் மேற்கொண்டு ஓட வழியில்லாமல் கரை தாழ்ந்த இடத்தில் அவர் வயலுக்குள் இறங்கிவிட்டது.

நான் போனபோது யாரோ ஷட்டரை மறுபடி இறக்கியிருந்தார்கள். ரோட்டில் மிஷின் உறுமிக்கொண்டு நின்றது. பாய் கைலியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்காலுக்கு மேலே சேறு. அவரைச் சுற்றிப் பத்துப் பேர். என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு பாலத்துச் சுவரில் கை வைத்து நிமிர்ந்து நின்றார்.

"வாங்கம்மா" என்றார் பாய். "நீங்களே கேளுங்க உங்க வீட்டுக்காரரை. காய வச்ச வயலு. இன்னைக்கு அறுப்பு. வந்து நிக்கிறது டயர் மிஷின், சேத்துல எறக்கினா முங்கிடும். சேத்துல எறங்குற பெல்ட் மிஷினுக்கு நான் இனிமே யாரு காலப் புடிக்கிறது? கதிரு சாஞ்சு தண்ணியில கெடக்கு. கெடந்தா முளைச்சுடும்."

"ரிட்டயர் ஆகியும் அதிகாரம் போகல" என்றார் ஒருவர்.

"சும்மா திறப்பாரா? கடைமடைக்காரன் ஏதாச்சும் கையில வச்சிருப்பான்" என்றார் இன்னொருவர்.

ஒரு தேங்காய்கூட யாரிடமும் வாங்காத மனுஷன்.  பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கத்தான் போறேன்" என்றார் பாய். "வேணும்னே செஞ்சிருக்காரு. கேட்டா ஒரு வருத்தங்கூடக் காட்ட மாட்டேங்குறாரு. உத்தரவு வந்துச்சு, திறந்தேங்குறாரு. யாரு உத்தரவுன்னு கேளுங்க."

என் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார். "கடைமடையில தண்ணி இல்லீங்க. கடைசித் தண்ணி ஒண்ணு விட்டாத்தான் அவங்களுக்குக் கதிர் முத்தும். பாவம், ஆளுங்க தினம் வந்து என் வாசல்ல நிக்கிறாங்க. எத்தனை நாளைக்கு உத்தரவு வரலைன்னு சொல்றது? வேணும்னா இவளைக் கேளுங்க. தண்ணி மொண்டு குடுத்தவளே இவதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம், வந்தார்கள் என்று நான் சொன்னால் அவர் லஸ்கராகவே இருப்பார். கடைமடைக்காரனிடம் கை நீட்டிய லஸ்கர். கேஸ் வரும், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். இல்லை என்று சொன்னால் கேஸ் நிற்காமல் போகலாம். ஆனால் அவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அவருக்கும் தெரிந்துவிடும். வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்கு அப்படியே அந்தப் பாலத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

"யாரும் வரலீங்க" என்றேன்.

"அப்ப யாருக்கும்மா தண்ணி குடுத்தீங்க?"

"வெறும் வாசலுக்குக் குடுத்தேன். அவரு சொன்னாரேன்னு குடுத்தேன். அவருக்கு மனசு சரியில்லீங்க பாய். ரொம்ப நாளா சரியில்ல. நாந்தான் மூடி வச்சிருந்தேன்."

மிஷின்காரர் என்ஜினை அணைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் வாங்கினதில்லை. ஊரெல்லாம் ஏசியபோது ஒரு ஆளும் பக்கத்தில் இல்லாமல் நின்றவர், இப்போது நானும் அந்தப் பக்கம் போய்விட்டேன் என்று பார்த்தார்.

 பாய் சேற்றுக் காலோடு சுவரில் ஏறி உட்கார்ந்தார்.

"சவுதியில எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு ஊருக்கு வந்தேன்லம்மா, அந்தப் புதுசு. விடியக்காலையில குளிச்சுட்டு, பேண்ட் போட்டுக்கிட்டு, டிபன் பாக்ஸோட மெயின் ரோட்டுல போயி நிப்பேன். கம்பெனி பஸ்ஸுக்கு."

"குடவாசல்லயா?" என்றார் டீக்கடைக்காரர்.

"குடவாசல்லதான். எங்க ஊட்டுப் பொம்பளை வந்து கையைப் புடிச்சு இழுக்கும். பஸ் லேட்டு, நீ போங்குறேன். பாக்குறவங்க, சபராளி வாக்கிங் போறாரு, உடம்பை நல்லா வச்சிருக்காருன்னு பேசிக்கிட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். பாயும் லேசாகச் சிரித்தார். "அப்புறம் மச்சான் திருவாரூர்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாரு. மாத்திரை சாப்பிட்டேன். இன்னமும் பஸ் ஹாரன் கேட்டா கை டிபன் பாக்ஸைத் தேடும்மா." எழுந்து கைலியை உதறினார். "ஸ்டேஷனுக்கு நான் போகல. ஆனா என் நெல்லுக்கு யாரு பதில் சொல்றது?"

  பிறகு பெல்ட் மிஷின் கிடைத்துப் பாய் அறுத்தார் என்று கேள்விப்பட்டேன். ஈர நெல்லை வைத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் ரொம்பவும் அலைந்தார் என்றும் சொன்னார்கள். இப்போது கடைக்குப் போனால் சில நாள் உட்காரச் சொல்லி விசாரிப்பார், சில நாள் முகத்தைப் பார்க்காமல் சாமானை எடுத்து வைப்பார். இரண்டும் நியாயம்தான்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஊர் முன்னாடி சொல்லிட்டியே."

"ஆமாங்க."

"உத்தரவு வரலையா அப்ப?"

"வரலீங்க."

"வாசல்ல ஒருத்தரும் நிக்கலையா?"

"ஒருத்தரும் நிக்கலீங்க."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "இத்தனை பேரும் என்னைத் திட்டுறாங்களே, அவங்கள்லாம் யாரு?" என்று கேட்டார். அப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

மகள் லீவு போட்டு வந்து திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காத்திருக்கிற பெஞ்சில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊர் முன்னால் சொன்ன பிறகு முந்தானை எதற்கு. டாக்டர் சின்ன வயசுப் பெண்.

"ஐயா, எவ்வளவு நாளா தூக்கம் இல்ல?"

"வேலையில சேர்ந்ததுலேர்ந்துங்க."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. "லீவு எடுத்ததே இல்லையா?"

"தண்ணி லீவு எடுக்காதுங்களே."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்றது. அதை யாரும் என்னைக் கேட்டதில்லை. "எனக்கென்ன, நல்லாத் தூங்குவேன்" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை கொடுத்தார்கள். ஆரம்பத்தில் பகலெல்லாம் தூங்கி விழுந்தார். வாய் உலர்கிறது என்றார், கை நடுங்கியது. மறுபடி போனபோது மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது தேவலை. ஒருநாள், "இந்தக் குழம்புல புளி ஜாஸ்தி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். என்னோடு பேச்சு மட்டும் முன்னைப் போல இல்லை. பாலத்தில் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. மறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

கல்யாண வீடுகளில் இப்போது எனக்கு இடம் விடுகிறவர்கள் குறைவு. விடுகிறவர்களும் வேறு மாதிரி விடுகிறார்கள், கையைப் பிடித்து உட்கார வைத்து, "ஐயாவுக்கு இப்ப பரவாயில்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். முன்பு தூக்கிய தலையை நான் இறக்கவில்லை. கழுத்து மட்டும் வலிக்கிறது.

இந்த ஆனியிலும் தண்ணீர் வந்தது. வண்டிகளும் வந்தன. நேற்று முன்தினம் இரண்டு பேர். இவர் உள்ளே, வாசலுக்கு நேரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் குரல் கேட்டதும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். நான் வந்து நிலையில் நின்றேன்.

"லஸ்கர் ஐயா இருக்காங்களா?"

"இருக்காருங்க. அந்தா உக்காந்திருக்காரு. ஆனா அவரு இப்ப வேலையில இல்ல. மனசுக்கு மருந்து சாப்பிடுறாரு. தண்ணி விஷயத்தைப் பாலத்துல போய்க் கேளுங்க."

"பாலத்துல ஆளே இல்லீங்களே லஸ்கரம்மா."

"அப்ப ஆபீசுக்குப் போங்க. அங்கயும் இல்லைன்னா வர்ற வரைக்கும் நில்லுங்க. இங்க இனிமே கிடையாது."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் டீ போடவில்லை, சொம்பையும் எடுக்கவில்லை.

"போயிட்டாங்களா?" என்றார் உள்ளேயிருந்து.

"போயிட்டாங்க."

"நிஜமாவே வந்தாங்களா?"

"இவங்க நிஜமாவே வந்தாங்க. ரெண்டு பேரு. நான் அனுப்பிட்டேன்."

தலையாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கொஞ்சத்தில் வாய் திறந்தபடி தூங்கிப்போனார். வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தம் கனத்தது. பாலத்தில் யாரோ ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கிறார்கள். அவர் காதுக்கு எட்டவில்லை, என் காதுக்கு எட்டியது. நின்று நின்று காலெல்லாம் கடுத்தது. நிலைப்படியிலேயே உட்கார்ந்தேன்.

ஆற்றங்கரையில் இன்னொரு வண்டி வருகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. வரட்டும், உட்கார்ந்தபடியே சொல்லிக்கொள்ளலாம்.